நொடிக்கு எட்டு முறை நிற்கும் இயந்திரம்

ஒரு கைக்கடிகாரத்தின் தரத்தை அறிய அதைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். முகத்தில் மணிதான் தெரியும். முதுகைத் திறந்தால்தான் செய்தவரின் கை தெரியும். அனுபவப்பட்ட வாட்ச் ரிப்பேர்க்காரர் எவரும் அப்படித்தான் செய்வார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியை நெம்பித் திறந்த மாத்திரத்தில் அந்தக் கடிகாரத்தின் ஜாதகமே அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் சொல்லப்போகும் கடிகாரத்துக்கு மட்டும் முகத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அதன் பெயர் குடோக்கே 2. செய்தவர் ஸ்டெஃபான் குடோக்கே என்ற ஜெர்மானியர். ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்ஃபுர்ட்டில் தொழில் கற்றவர். பெரிய நிறுவனங்களுக்காகக் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டுத் தனியே பட்டறை போட்டவர். தன் முதல் சொந்த இயந்திரத்தை அவர் உருவாக்கியபோது அந்தப் பட்டறை வைஃபா என்ற சிற்றூரில் இருந்தது. சாக்சனி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் அது. 2019-இல் ஜெனீவாவில் நடந்த கடிகாரக் கலைப் பெரும் பரிசுப் போட்டியில், பத்தாயிரம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போகாத கடிகாரங்களுக்கான பிரிவில் குடோக்கே 2 வென்றது. பெருந்தொழிற்சாலைகளும் பங்கெடுக்கும் போட்டி அது.

39 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுக் கூடு. மணி முள் உண்டு, நிமிட முள் உண்டு, நொடி முள் கிடையாது. டயலின் மேற்பாதியில், மெல்லிய குமிழ்போலக் குவிந்த வட்டத் தகடு ஒன்று. அதில் ஒரு வானம் செதுக்கப்பட்டிருக்கிறது: ஒரு பக்கம் சூரியன் காயும் பகல், மறுபக்கம் விண்மீன்கள் பூத்த இரவு. இந்த வானம் 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அவ்வளவு மெதுவாக நகர்வது கண்ணுக்குத் தெரியாது. காலையில் பார்த்த வானம் மாலையில் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அந்தத் தகட்டைக் கையால் செதுக்குகிறார் குடோக்கே. கடிகாரம் செய்பவரே செதுக்குபவராகவும் இருப்பது அரிது. இரண்டுமே ஓர் ஆயுளைக் கேட்கும் தொழில்கள். செதுக்குளியைத் தள்ளுவது ஒரு கைதான் என்றாலும், வளைவுகளை உண்டாக்குவது பெரும்பாலும் மற்றொரு கை. உளி ஏறக்குறைய ஒரே திசையில் நிற்க, தகட்டைப் பிடித்திருக்கும் கை அதை உளிக்கு எதிராகத் திருப்பிக் கொடுக்கும். தட்டையான தகட்டில் இது ஒரு பாடு என்றால் குவிந்த தகட்டில் இரண்டு பாடு. பரப்பு சரியச் சரிய உளியின் சாய்வும் கூடவே மாற வேண்டும், இல்லாவிட்டால் கீறல் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் வெறும் வருடலாகவும் போய்விடும். ஆகவே அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரியான இரண்டு வானங்கள் இந்தக் கடிகாரங்களில் இருக்க முடியாது.

இப்போது கவிழ்ப்போம். கண்ணாடி வழியே உள்ளே ஏதோ ஒன்று துடிப்பது தெரியும். அந்தத் துடிப்பைப் புரிந்துகொண்டால் கடிகாரம் முழுவதும் புரிந்த மாதிரி.

சாவி கொடுக்கும்போது நம் விரல் செய்யும் வேலை வீணாவதில்லை. ஒரு சிறு பீப்பாய்க்குள் சுருண்டிருக்கும் எஃகுப் பட்டையில், மெயின் ஸ்பிரிங்கில், அது சேர்ந்துகொள்கிறது. முழுச் சாவி கொடுத்தால் இந்த இயந்திரம் 46 மணி நேரம் ஓடும். ஆனால் அந்த ஸ்பிரிங்கைத் தடுக்க ஒன்றும் இல்லையென்றால், சக்கரங்கள் விர்ரென்று சுழன்று அத்தனை சக்தியும் சில கணங்களில் தீர்ந்துவிடும். ஸ்பிரிங்குக்குச் சக்தி மட்டும்தான் உண்டு, நேரம் தெரியாது. அதை அவிழவிடாமல் பிடித்து, இம்மி இம்மியாக விட்டுக்கொடுப்பதில்தான் கடிகாரக் கலை இருக்கிறது.

அதைச் செய்யும் உறுப்பை ஆங்கிலேயர் 'எஸ்கேப்மென்ட்' என்கிறார்கள், தப்பிச் செல்வது என்ற பொருளில். ஜெர்மானியர் அதையே 'ஹெம்முங்' என்கிறார்கள். தடுத்து நிறுத்துவது என்று பொருள். ஒரே உறுப்பை ஒருவர் கைதியின் பக்கமிருந்தும் இன்னொருவர் காவலாளியின் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஜெர்மன் சொல்தான் சரியாகப் படுகிறது. நங்கூர வடிவில் ஒரு சிறு நெம்புகோல். அதன் இரு கைகளிலும் பதித்த மாணிக்கத் துண்டுகள். சக்கரத்தின் ஒரு பல் நகர்ந்து வந்து ஒரு கல்லில் மோதி நிற்கும். நங்கூரம் மறுபக்கம் சாயும். பல் விடுபடும். அடுத்த பல் அடுத்த கல்லில் மோதி நிற்கும். நாம் கேட்கும் 'டிக்' இந்த மோதலின் ஓசை. கடிகாரம் ஓடும் சத்தம் என்று நாம் நினைப்பது உண்மையில் அது நிற்கும் சத்தம்.

குடோக்கேயின் இயந்திரம் மணிக்கு 28,800 முறை இப்படி நிற்கிறது. நொடிக்கு எட்டு முறை. ஒரு நாளில் 6,91,200 முறை. சக்கரங்கள் நகரும் நேரத்தைவிட நின்றிருக்கும் நேரமே அதிகம். முள் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றுவது நம் கண்ணின் மந்தம்.

எப்போது விட வேண்டும் என்று நங்கூரத்துக்குச் சொல்வது யார்? அதுதான் நாம் கண்ட துடிப்பு. பேலன்ஸ் சக்கரம். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் 'உன்ரூ', அதாவது அமைதியின்மை. நாளெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைபாயும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அதன் நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஹேர் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது. டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675-இல் உலகுக்கு அறிவித்த ஏற்பாடு இது.

சுருள் செய்யும் அற்புதம் இதுதான்: சக்கரத்தை எவ்வளவு தூரம் திருப்புகிறோமோ அவ்வளவுக்கு அது திருப்பி இழுக்கும். இருமடங்கு திருப்பினால் இருமடங்கு இழுப்பு. எனவே நெடுந்தூரம் போன சக்கரம் வேகமாகத் திரும்பி வரும். கொஞ்ச தூரம் போனது மெதுவாகத் திரும்பி வரும். இரண்டும் வந்து சேர ஒரே நேரம் ஆகும். சாவி குறையக் குறைய ஸ்பிரிங்கின் வலு தளர்ந்தாலும் கடிகாரம் நடை மாறாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பண்பு. இது முழுமையாக வாய்ப்பதில்லை. ஹைகன்ஸுக்குப் பிறகு வந்த மூன்றரை நூற்றாண்டுக் கடிகார வரலாற்றில் பெரும்பகுதி, இந்தச் சிறு குறையைச் சுரண்டிச் சுரண்டிக் குறைத்த கதைதான். வெயிலில் எஃகுச் சுருள் தளர்ந்து கடிகாரம் பிந்திப் போகும். வெப்பத்துக்கு மசியாத நிக்கல்-எஃகுக் கலவைகளைக் கண்டுபிடித்த சார்ல் எடுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது.

மாணிக்கக் கற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய வாட்ச் டயல்களில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நகை அல்ல. சுழலும் அச்சு முனைகள் உலோகத்தில் உராய்ந்தால் சீக்கிரம் தேயும். வழவழப்பான, மிகக் கடினமான மாணிக்கத்தில் உட்கார்ந்தால் தேய்மானம் மிகக் குறைவு. பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்ட் வெர்னொய் 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தபின் இந்தக் கற்கள் மலிவாயின.

இதுவரை சொன்னது எல்லா இயந்திரக் கடிகாரத்துக்கும் பொது. கைவேலை எங்கே பிரிந்து தெரிகிறது என்றால், மூலைகளில்.

சக்கரங்களின் அச்சுகளை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் உலோகத் துண்டுகளைப் 'பாலம்' என்பார்கள். எந்திரத்தில் வெட்டி எடுத்த பாலத்தின் விளிம்பு கூர்மையாக, பிசிறோடு இருக்கும். அந்த விளிம்பை 45 பாகைச் சரிவாக அரத்தால் இழைத்து, நுண்கற்களால் தேய்த்து, கடைசியில் மென்மையான மரக்குச்சி நுனியில் பசை தடவி மெருகேற்றுகிறார்கள். முடிந்ததும் அந்தச் சரிவு ஒளியில் ஓடும் ஒரு மெல்லிய கோடாக மின்னும். வெளி மூலைகளில் இதை எந்திரமும் செய்யும். உள்மூலைக்கு வாருங்கள்: இரண்டு சரிவுகள் உட்புறமாகச் சந்திக்கும் இடம். சுழலும் கருவி எதுவாக இருந்தாலும் அது வட்டம். வட்டத்தால் உள்மூலையில் கூர்மையை உண்டாக்க முடியாது, தன் வளைவைத்தான் அங்கே விட்டுவிட்டு வரும். அரம் பிடித்த கைதான் இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வந்து, இரு பளபளப்புகளையும் ஒரே கோட்டில் கத்தி முனைபோல் சந்திக்க வைக்க முடியும். இழைப்பில் ஒரு தடவை தடுக்கினால் கோடு உருண்டுவிடும். பெரும்பாலும் அந்தப் பாலம் அதோடு வீண். நல்ல கடிகாரத்தை அறிந்தவர்கள் லென்ஸை வைத்ததும் முதலில் தேடுவது இந்த உள்மூலையைத்தான்.

அடுத்தது நீலத் திருகாணி. அந்த நீலம் சாயம் அல்ல. மெருகேற்றிய எஃகுத் திருகாணியைப் பித்தளைத் தட்டில் வைத்து மெல்லச் சூடேற்றினால், எஃகின் மேல் நூறு நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் படரும். மழை நனைத்த சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவது எப்படியோ, அப்படியே இந்தப் படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸில் மயில் கழுத்து நீலம். இன்னும் சற்று விட்டால் நீலம் வெளிறிச் சாம்பலாகிவிடும். அந்த நீலத்தில் எடுத்துவிட வேண்டும். விரல் எண்ணெய் ஒரு துளி பட்டிருந்தாலும் அங்கே திட்டு விழும். மறுபடி மெருகிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு கடிகாரத்தின் எல்லாத் திருகாணிகளும் ஒரே நீலத்தில் இருந்தால், ஒருவர் அத்தனை முறையும் கண்ணிமைக்காமல் அந்தத் தட்டின் முன் நின்றிருக்கிறார் என்று பொருள்.

இந்தக் கைத்திறனுக்குப் பின்னால் சாக்சனி மண்ணின் வறுமைக் கதை ஒன்று இருக்கிறது. டிரெஸ்டனுக்குத் தெற்கே எர்ட்ஸ்கெபிர்கே என்ற மலைத்தொடர். பெயருக்குத் தாதுமலை என்றே பொருள். அங்கே கிளாஸ்ஹூட்டே என்ற ஊரில் வெள்ளி தீர்ந்துபோனபின் மக்களுக்குப் பிழைப்பில்லை. டிரெஸ்டனில் அரசவைக் கடிகாரக் கலைஞரிடம் தொழில் கற்ற ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே, சாக்சனி அரசுக்கு எழுதி எழுதிக் கடன் பெற்று, 1845 டிசம்பரில் 15 பயிற்சிப் பையன்களோடு அங்கே பட்டறை தொடங்கினார். கடிகாரத்தைக் கண்ணால்கூடச் சரியாகப் பார்த்திராத பிள்ளைகள். அவர் செய்தவற்றுள் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது, கைதேர்ந்தவர்களைத் தன்னிடமே பிடித்து வைக்காமல் தனித்தனிப் பட்டறைகள் வைக்கத் தூண்டியது. ஒருவர் திருகாணி, ஒருவர் பற்சக்கரம், ஒருவர் முள் என்று ஊரே ஒரு கடிகாரம்போல் இயங்கத் தொடங்கியது. லாங்கே அந்த ஊருக்கு 18 ஆண்டுகள் மேயராகவும் இருந்தார். 1878-இல் மோரிட்ஸ் கிரோஸ்மன் முயற்சியால் கடிகாரப் பள்ளி வந்தது. 1920-இல் அந்தப் பள்ளி ஆசிரியர் ஆல்ஃபிரட் ஹெல்விக், பேலன்ஸ் சக்கரத்தையும் நங்கூரத்தையும் ஏந்திச் சுழலும் கூண்டை ஒரு பக்கம் மட்டும் தாங்கி நிறுத்தும் 'பறக்கும் டூர்பியோன்' அமைப்பை உருவாக்கினார்.

நமக்குத் தெரிந்த ஓர் உலோகமும் அந்த மலையோடு சேர்ந்தது. பாத்திரக் கடைகளில் குங்குமச் சிமிழாகவும் தாம்பாளமாகவும் வாங்கும் ஜெர்மன் சில்வர்தான். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. வெள்ளி துளியும் கிடையாது. அதே மலைத்தொடரிலுள்ள ஷ்னேபெர்கில் 1823-இல் எர்ன்ஸ்ட் ஆகுஸ்ட் கைட்னர் என்பவர் இதைத் தயாரித்தார். சாக்சனியின் சிறந்த கடிகாரங்கள் பலவற்றில் பாலங்களை இதில் செய்கிறார்கள். மேல்பூச்சு இல்லாமல் விட்டால் காலப்போக்கில் இளந்தேன் நிறம் ஏறும். ஆனால் வெறும் விரல் பட்டால் ரேகை கறையாகப் பதிந்துவிடும். அழகுக்காக ஏற்றுக்கொண்ட கூடுதல் தொல்லை.

1945 மே 8. ஐரோப்பாவில் போரின் கடைசி நாள். அன்று விழுந்த சோவியத் குண்டுகளில் லாங்கே பட்டறைக் கட்டடமும் இடிந்தது. பின்னர் கிழக்கு ஜெர்மனி அரசு தனியார் பட்டறைகளைக் கையகப்படுத்தி, 1951-இல் எல்லாவற்றையும் ஒரே அரசு நிறுவனமாக்கியது. தன் பெயரில் கடிகாரம் செய்யும் உரிமை அங்கே பல பத்தாண்டுகள் இல்லாமல் போனது. லாங்கேயின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 1990 டிசம்பர் 7 அன்று, முப்பாட்டன் தொடங்கி 145 ஆண்டு நிறைந்த அதே நாளில், நிறுவனத்தை மறுபடி பதிவு செய்தார். இன்று அந்தப் பெயர் பெரிய குழுமம் ஒன்றின் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த மண்ணில் தங்கிய கைப்பழக்கம் ஒரு நிறுவனத்தின் சொத்தாக முடங்கவில்லை. குடோக்கேயும் கிளாஸ்ஹூட்டேயில் வேலை பார்த்தவர்தான். ஊருக்கு ஊர் ஒருவர் இருவராகச் சொந்தப் பெயரில் கடிகாரம் செய்யும் சாக்சனிக் கலைஞர்களைப் பார்க்கும்போது, லாங்கே கண்ட கனவு இவர்களிடம்தான் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

துல்லியத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1969 டிசம்பரில் ஜப்பானின் சைகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்துக்கு முன்னால் நொடிக்கு எட்டு என்பது எங்கே! இன்று சில நூறு ரூபாய் பேட்டரிக் கடிகாரம் எந்தக் கைவேலைக் கடிகாரத்தையும் துல்லியத்தில் வென்றுவிடும். நல்ல இயந்திரக் கடிகாரம் நாளுக்குச் சில நொடி முந்தும் அல்லது பிந்தும். ஆனால் ஒரு நாளில் 86,400 நொடிகள். ஐந்து நொடி பிசகினால் பதினேழாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான தவறு. பேட்டரி இல்லை, சில்லு இல்லை; சுருட்டிய எஃகும் பித்தளையும் சில கற்களும், மணிக்கட்டில் ஆடி அசைந்து, வெயிலிலும் குளிரிலும் போய் வந்து, இவ்வளவுதான் தவறுகின்றன. இதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இன்னொன்றிலும் இந்தக் கடிகாரங்கள் முந்திவிடுகின்றன. அரத்தாலும் கடைசலாலும் செய்த ஒரு பாகத்தை, அரமும் கடைசலும் தெரிந்த இன்னொருவர் நூறு ஆண்டு கழித்தும் செய்ய முடியும். எலெக்ட்ரானிக் சில்லு செத்தால் அதே சில்லு வேண்டும். கைவேலைக் கடிகாரத்துக்கு வேண்டியது கை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, காய்ந்த எண்ணெயைத் துடைத்து, புது எண்ணெய் இட்டுப் பூட்டிவிட்டால் அது மறுபடி ஓடும். செய்தவர் காலத்துக்குப் பிறகும் ஓடும்.

குடோக்கே 2 நம்மில் பலருக்கு எட்டாத விலை. ஆனால் அதற்குள் நடப்பதைப் பார்க்க அந்தக் கடிகாரமே வேண்டும் என்பதில்லை. தாத்தாவோ அப்பாவோ கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா மாதிரி சாவி கொடுக்கும் கடிகாரம் உங்கள் வீட்டு அலமாரியில் எங்காவது கிடக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். தெருமுனையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோய், எண்ணெய் போடக் கொடுத்து, மூடியைத் திறந்து காட்டும்படி கேளுங்கள். அவருடைய லென்ஸை ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள். அதே நங்கூரம், அதே மாணிக்கத் துண்டுகள், அதே அமைதியின்மை. நொடிக்கு எட்டுக்குப் பதில் ஐந்து முறை நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.